மலை இல்லாத ஊர்

மல்லாவிக் கடையில் ஆறு சைக்கிள்.
நாங்கள் நாலு பேர்.

"இருபத்தொன்பது இஞ்சிச் சில்லு எடு, மணலுக்குத் தாழாது"
என்கிறான் ரெஜினோல்ட்.
போன கிழமை மூன்று ரியூப் மாற்றியவன்,
இன்னும் தன் சில்லில் பிழை சொல்லாதவன்.

"முன்னுக்குச் சொக் வேணும், கிறவல் றோட்டு கையை உடைக்கும்."
"மலிவுச் சொக் எண்டால் பாரம்தான் மிச்சம்,"
துஷாந்தினி பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுகிறாள்.
"முதல் சைக்கிளுக்கு உது போதும்."

"வன்னியில மலை எங்க கிடக்கு?"
கடைக்காரர் கேட்டுவிட்டு
காற்றடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் குளக்கட்டுத்தான் மலை.
மாரியில் வான் பாயும்போது
அக்கரைக்கு வேறு பாதை இல்லை.
முழங்கால் தண்ணீர்,
அடியில் பாசி பிடித்த கொங்கிரீட்.

ஒவ்வொன்றாய்த் தூக்கித் தோளில் வைத்தேன்.
பச்சை, கழுத்தை அறுத்தது.
கறுப்பு, அரிசி மூட்டை.
சொக் இல்லாத சாம்பல் நிறத்தது
எலும்பில் தன் இடம் கண்டு
பேசாமல் இருந்தது.

"ஓடவோ வாங்கிறாய், சுமக்கவோ?"
ரெஜினோல்ட் சிரிக்கிறான்.

இறக்காமலே
விலை கேட்டேன்.