சேதாரம்

கொலுசு நிறுக்கும் தராசைக்
கேட்காமல் எடுத்துவந்தேன்.
கண்ணாடிக் கதவு வைத்த தராசு.
மூச்சு பட்டாலே எண் நடுங்கும்.
தட்டில் கிடந்த வெள்ளித்தூளைத்
துடைத்துக் காகிதத்தில் மடித்தேன்.
அதற்குக் கணக்கு உண்டு.
எங்கள் தொழிலில்
தரையைப் பெருக்கியதையும் நிறுப்போம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு
செவ்வாய்ப்பேட்டையின் ஏப்ரலில்
வியர்க்க வியர்க்க நிறுத்தேன்:
கோகோ பொடி, அறுபத்தைந்து கிராம்.
அறுபத்தைந்து புள்ளி பூஜ்யம் நான்கு.
அந்த நான்கை நகத்தால் கிள்ளி எடுத்தேன்,
பழக்கதோஷம்.
எடுத்ததை நாக்கில் வைத்தேன்.
இத்தனை கசக்குமென்று
லீ பஜாரில் பொட்டலம் கட்டியவர்
சொல்லவில்லை.

ரங்கதுரையும் நானும் பேசிப்
பதினோரு நாள்.
ஏலச்சீட்டுப் பணத்தில்
அவர் மனதில் இருந்தது
கம்பி இழுக்கும் மெஷின்.
என் மனதில் ஓவன்.
சீட்டு என் பெயரில். எடுத்தது நான்.
ஓவன் வந்தது.
"வெள்ளி உருக்குற வீட்டுல
இன்னொரு உலை எதுக்கு?"
அதுதான் கடைசி.
அப்புறம் எல்லாம் நிகிலன் வழியாக.
"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."
"சாவி எங்கேன்னு அம்மாகிட்ட கேளு."
இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.
ஒரு செய்திக்கு ஒரு ரூபாய் என்று
நேற்றிலிருந்து கூலி கேட்கிறான்.

வெண்ணெய் உருகியது.
சூட்டோடு கோகோவைக் கொட்டிக் கலக்கினேன்.
காய்ந்த மண் நிறம் போய்
ஈரக் கறுப்பு வந்தது. வாசனை வந்தது.
பக்கத்துப் பட்டறையில்
பொடி வைத்து ஊதும் சத்தம்
ஒரு நிமிடம் நின்று, மறுபடி தொடர்ந்தது.
சர்க்கரை. நான்கு முட்டை.
(ஹவுஸ் ஓனர் கண்ணில் படாமல்
கீரைக்கட்டுக்கு அடியில் வைத்து
முட்டை கொண்டுவந்தது வேறு கதை.)
மைதா கொஞ்சம்தான்.
மைதா கூடினால் கேக் ஆகிவிடும்,
கேக் எனக்கு வேண்டாம்.
உப்பு ஒரு சிட்டிகை. அதை நிறுக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் வைத்தேன்.
பதினெட்டில் கரண்ட் போனது.

தெரு முழுக்க உருளைகள் அடங்கின.
வடக்கே ஏற்காட்டு மலைமேல்
சத்தமில்லாமல் மின்னல்
வெட்டிக்கொண்டிருந்தது.
கதவைத் திறந்தால் சூடு போய்விடும்.
திறக்காவிட்டால் ஒன்றும் தெரியாது.
ஓவன் முன்னால் குந்தி உட்கார்ந்து
செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மேல்தோல் மினுமினுத்து
விரிசல் விட்டிருந்தது,
பற்றவைக்கும்போது வெண்காரம்
பொங்கிக் காய்ந்து வெடிக்குமே, அப்படி.
அதற்குக் கீழே என்ன நடக்கிறதென்று
எந்த டார்ச்சும் காட்டாது.

பட்டறையை மூடிக்கொண்டு அவர் வந்தார்.
கரண்ட் வரவில்லை.
ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தேன்.
ஒட்டிக்கொண்டு வந்தது.
கொலுசாக இருந்தால்
திரும்ப நெருப்புக்குப் போகும்.
இது இப்படித்தான் இருக்கவேண்டுமாம்,
ஓரம் வெந்து,
நடு வேகாததுபோல் வெந்து.

ஆறும்வரை யாரும் பொறுக்கவில்லை.
வெட்டினேன். பதினாறு துண்டு வரவேண்டிய இடத்தில்
பதினைந்தும் ஒரு குழப்பமும் வந்தன.

ரங்கதுரை ஒன்றை எடுத்தார்.
தின்னவில்லை.
பேட்டரியில் ஓடும் தன் தராசின்
கண்ணாடிக் கதவைத் திறந்து
உள்ளே வைத்து, மூடி,
எண் நடுங்கி நிற்கும்வரை காத்திருந்தார்.
நிகிலன் மெழுகுவத்தியைக் கிட்டே பிடித்தான்.

"அம்பத்திரெண்டு புள்ளி மூணு"
என்றார், சுவரைப் பார்த்து,
எல்லோருக்கும் பொதுவாக.
பிறகு என் பக்கம் திரும்பி,
"சேதாரம்?"

கிண்ணத்தின் விளிம்பை வழித்துக்கொண்டிருந்தேன்.
விரலில் இருந்ததைக் காட்டி
"இவ்வளவுதான்" என்றேன்.
குனிந்து பார்த்தார்,
நிறுக்கலாமா என்று யோசிப்பவர்போல.

நேராகப் பேசிவிட்டோம் என்பது
நிகிலனுக்கு அப்போதுதான் உறைத்தது.
வாய் நிறையக் கறுப்போடு
அழத் தொடங்கினான்,
போன ஒரு ரூபாய்க்கு.