பதினொரு பள்ளம்

ஊத்தான் மெலிந்தாங் பெரிய சாலையில்
பல் டாக்டருக்கும் மோட்டார் கடைக்கும் நடுவே
நான் நிற்கிற கடை.
ஒன்பது மணிக்குத் திறப்பு.
"இயற்கையா இருக்கணும்" என்பாள் மேனேஜர் மிஸ் லிம்,
போட்டதும் தெரியக் கூடாது
போடாததும் தெரியக் கூடாது.
பதினாறு வருஷ வேலையில்
எனக்குப் பாதி புரிந்திருக்கிறது.

பிரான்சர் வரும் பெட்டியில் ஆறு நிறம்.
முதல் நாலும் என் உள்ளங்கையை விட வெளுப்பு.
ஐந்தாவதைப் பூசினால்
அடுப்புச் சாம்பலில் விழுந்து எழுந்த மாதிரி.
ஆறாவது எப்போது கேட்டாலும் ஸ்டாக் இல்லை.
ஒளித்து வைப்பது நான்தான்,
லாச்சிக்குள், ஸ்டேப்ளருக்குப் பின்னால்,
நிஜமாகவே அது வேண்டியவள் வரும் வரைக்கும்.

டியூப் லைட்டுக்குக் கீழே எந்த நிறமும் பொய் பேசும்.
யாராக இருந்தாலும் அஞ்சடிக்குக் கூட்டிப் போவேன்.
தாடையோரம் ஒரே ஒரு இழுப்பு.
பழ லாரி போகட்டும், தூசி அடங்கட்டும்,
பிறகு பாருங்கள்.
கோடாகத் தெரிந்தால் வைத்துவிடலாம்.
நிழலாகத் தெரிந்தால் காசை எடுக்கலாம்.

போன மாதம் அமராவதி வந்தாள்,
நாலாவது டிவிஷனில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள்,
தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு.
தலைத்துணி கட்டிய கோடு நெற்றியில் அப்படியே கிடந்தது,
கோட்டுக்கு மேலே ஒரு நாடு, கீழே ஒரு நாடு.
வெயில் படும் இடத்தில் பூசு என்கிறது
பெட்டியில் அச்சடித்த படம்.
அந்தப் படத்துப் பெண் வெயிலைக் காசு கொடுத்து வாங்குகிறவள்.
நான் வெயில் விட்டுப் போன இடத்தில் பூசினேன்,
கோட்டிலிருந்து மேலே, முடி முளைக்கும் இடம் வரை,
பெரிய பிரஷ், கனமில்லாத கை.
எல்லை போய்விட்டது.
"எனக்கு இவ்வளவு நெத்தியா?" என்றாள்.

பிளஷ் வேறு கதை.
ரோஸ் எங்கள் தோலுக்குள் இறங்காது,
திரிந்த பால் தேத்தண்ணியில் நிற்பதுபோல்
மேலேயே நிற்கும்.
என் நிறத்தை நான் கண்டெடுத்தது கடையில் இல்லை.
டிராக்டர் சிந்திவிட்டுப் போன ஒரு செம்பனைப் பழத்தில்,
பாதி கறுப்பு, பாதி நெருப்பு.
ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்
டப்பி டப்பியாக ஒத்துப் பார்த்தேன்.
மிஸ் லிம் எறும்பு வரும் என்றாள்.
வந்தது.

சிரித்தால் திரளும் சதைக்குச் சற்று மேலே,
காதுப் பக்கமாக ஏற்றி,
பிரஷை உதறிவிட்டு இன்னொரு தரம்.
ஏழரைக்குள் முடிந்துவிடும்.
பிறகு ஹெல்மெட்.

என்னுடையது விரிசல் விட்டதிலிருந்து
ஜீவரத்தினத்தினுடையதுதான் இரண்டு பேருக்கும்.
அவர் ஆலையில் எடைமேடை, இரவு வேலை.
அவர் கழற்றி வைத்ததும் நான் மாட்டிக்கொள்வேன்.
எட்டு கிலோமீட்டர், பதினொரு பள்ளம்.
ஒவ்வொரு பள்ளத்திலும் உள்பஞ்சு
என் கன்னத்தை ஒரு கடி கடிக்கும்.
கடை வாசலில் நான் முகத்தை வெளியே எடுத்தால்
மிஸ் லிம் தலையாட்டுவாள்,
"ஹா, இதுதான் இயற்கை."

கடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று
நான் யோசித்ததே இல்லை.

ஒரு வாரமாக லாரிக்காரர்கள்
ரசீது வாங்கும்போது மரியாதையாகப் பேசுகிறார்களாம்.
பங்களாதேஷ் பையன் ரபிகுல் ஒருத்தன்தான்
குனிந்து, மெதுவாக,
"அபாங், காய்ச்சலா?" என்று கேட்டானாம்.

விடிந்து வந்தவர் நேராகக் கண்ணாடிக்குப் போனார்.
இரண்டு கன்னத்திலும்
சரியான உயரத்தில், காதுப் பக்கமாக ஏறி,
ஓரமே தெரியாமல்.
என் கைக்கு ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.
மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
அவர் முகத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி,
"தாடையில ஒண்ணும் ஒட்டலையே" என்றார்.

லாச்சியில் ஆறாம் நம்பர் ஒன்றே ஒன்று மீதி.
நாளைக்குப் பள்ளங்களில்
நான் வேகத்தைக் குறைப்பதாக இல்லை.