காற்று நாளுக்கு மறுநாள்

முதல் விதி: உலர்ந்த துணியால் தொடாதே.
தூசிதானே என்று கைக்குட்டை எடுத்தவர்கள்
காரிலெல்லாம், வெயில் பட்டால்,
சிலந்தி வலை தெரியும்.
முதலில் தண்ணீர். நிறைய. பொறுமையாக.
கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று
மேலிருந்து கீழே.
தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடி
சாக்கடை வாயில் சற்று நின்று யோசித்து
உள்ளே போகும்.

தாரந்தோவில், அதுவும் ஆலைக்கு எதிர்த்தாற்போல்
தம்பூரியில் குடியிருந்துகொண்டு
வெள்ளைக் கார் வாங்குகிறவளுக்கு
புத்தி இருக்காது, இல்லையென்றால்
தள்ளுபடி கிடைத்திருக்கும்.
எனக்குத் தள்ளுபடி கிடைத்தது.
விற்றவர் லெச்சே ஊர்ப் பல் மருத்துவர்.
கார் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார்.
கேட்டபின் இன்னும் இருநூறு குறைத்தார்.

வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள் நான்.
செம்மண் பூசிய காரில் போய் இறங்கினால்
கிழவர் நிக்காந்த்ரோ கையை நீட்டமாட்டார்.
வெளியே இப்படி என்றால்
உன் பைக்குள் எப்படியோ என்பார்.

இரண்டு வாளி. ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர்.
கையுறையை அலசாமல் மறுபடி தேய்த்தால்
நேற்றைய மணலை இன்றைய பெயின்ட்டில் அரைக்கிறாய்.
அம்மியா இது?

இவ்வளவு செய்தும்
பாலித்தீன் பைக்குள் விரலை விட்டுத் தடவினால்
சொரசொரவென்று
மூன்று நாள் மழிக்காத கன்னம்.
இது தூசி இல்லை, இரும்பு.
சூட்டோடு வந்து உட்கார்ந்து
வேர் விட்டுவிட்டது.
விட்டுவைத்தால் ஆறு மாதத்தில்
காருக்கு அம்மை போட்டுவிடும்.

அதற்கென்றே ஒரோன்சோ கடையில் ஒரு திரவம்.
அழுகிய முட்டை நாற்றம்.
"நிழலில் அடி. காயவிடாதே. ஐந்தே நிமிடம்."
இதைச் சொல்லாமல் அவன்
ஒருநாளும் சில்லறை தந்ததில்லை.

அடித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு வெள்ளைக்குள்ளிருந்து புள்ளி புள்ளியாக
கத்தரிப்பூ நிறம் கிளம்பி,
கோடாகி, கதவில் இறங்கி,
கைப்பிடியைச் சுற்றி வழிந்தது.
மேல்மாடி அடலீசா பால்கனியிலிருந்து
"யார்மேலாவது மோதிவிட்டாயா?" என்றாள்.
"சும்மா நின்றுகொண்டுதான் இருந்தது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து
இரவு ஷிப்ட் முடிந்து கத்தால்தோ வந்தான்.
எட்டு மணிநேரம் பார்த்த வேலை
மனைவியின் காரிலிருந்து வடிவதைப் பார்த்தபடி நின்றான்.
"இது எங்கள் பிரிவுடையது இல்லை" என்றான்.
"எங்களுடையது இன்னும் கருப்பாக இருக்கும்."

துணி சுற்றிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன்.
பானெட் அருகே கொண்டுபோனால் மீசை முளைக்கும்.
விளையாட்டுக்கு
அவன் சட்டைப் பையில் வைத்தேன்.
மீசை.
காலரில் வைத்தேன். மீசை.
காதுக்குக் கீழே கொண்டுபோனபோது
சிரித்துக்கொண்டே தலையை விலக்கினான்,
ஊசிக்குப் பயந்தவர்கள் விலக்குகிற மாதிரி.
ஐந்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது.
குழாயைத் திறந்தேன்.

பிறகு களிமண் கட்டி. பிறகு மெழுகு.
மதியத்துக்குமேல் கார்
பல் மருத்துவரின் வெள்ளைக்கு வந்து நின்றது.
வானொலியில் சொன்னார்கள்:
இரவு மறுபடியும் வடமேற்குக் காற்று,
ஜன்னல்களைச் சாத்துங்கள், நாளை பள்ளி இல்லை.
மெழுகு இறுக ஓரிரவு வேண்டும்.
துணியால் மூடாதே, காற்றில் அதுவே தேய்த்துவிடும்
என்பதும் ஒரு விதி. தெரியும்.
தெரிந்தே கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு
படியிறங்கினேன்.

வெறும் மெத்தையில் படுத்திருந்தோம்.
ஒரு மணிக்குக் காற்று வந்தது.
கத்தால்தோ இருமி முடித்து
"விரிப்பு பறந்துவிடும்" என்றான்.
"மேலே கல் வைத்திருக்கிறேன்."
"கல்லா? கார் மேலா?"
"கீறாது. அடியில் உன் சட்டையை
மடித்து வைத்திருக்கிறேன்."

கொஞ்ச நேரம் காற்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எந்தச் சட்டை?" என்றான்.