மூன்றாம் சுற்று

பந்தயம் செப்டம்பரில், பெருநிலத்தில்,
இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்.
எனக்கிருப்பதோ ஒரு தீவு.
சுற்றிவந்தால் இருநூற்றுச் சொச்சம்,
அப்புறம் அதே சிக்னல், அதே பெட்ரோல் பங்க்,
அதே டயர்க்கடையின் அதே நாய்.

கடல் வலப்பக்கம் இருக்கும்படி கிளம்புவேன்.
சேன் லூயியில் ஆலை அரைக்கத் தொடங்கியிருந்தது;
லாரிகள் உதிர்த்துப்போன கரும்புத் துண்டுகளுக்கு
விலகி விலகியே முதல் பத்து கிலோமீட்டர்.
முதுகுப் பையில் வெள்ளித்தாள் சுற்றிய உப்புச்சோறு,
நாலு சமூசா,
தொடையிடுக்கில் கைக்குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பு.
அழகான பேச்சில்லைதான்.
இருபதாவது மணிநேரத்தில் வேறு பேச்சே இல்லை.

கால்களைப் பற்றிக் கவலையில்லை,
வண்டிமாடு மாதிரி, பழகிவிட்டால் போய்க்கொண்டேயிருக்கும்.
கழுத்துதான். உள்ளங்கை. இடது சுண்டுவிரல்.
மே மாதம் அதில் உணர்ச்சி போயிற்று,
ஜூனில் பாதி திரும்பிவந்தது.
ரத்தம் எடுக்க ஊசி பிடிக்கையில்
அந்த விரலை மட்டும் வேலையிலிருந்து விலக்கிவைத்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்று, கிராண் ப்ரூலே, இரவு எட்டு.
தெருவிளக்கு கிடையாது.
எந்தெந்த ஆண்டு எரிமலைக் குழம்பு சாலையைத் தாண்டியதென்று
ஓரத்தில் பலகைகள்;
என் விளக்கு ஒவ்வோர் ஆண்டையும் தொட்டு
கைவிட்டுப் போனது.
மழை. கரும்பாறைமேல் விழுகிற மழைக்குச் சத்தமில்லை.
சங்கிலி மட்டும் சொல்லிக்கொண்டே வந்தது:
எண்ணெய் விடு, எண்ணெய் விடு.

சேன் தெனி தாண்டினால் கடலோர விரைவுச் சாலையில்
சைக்கிளுக்கு அனுமதியில்லை.
நள்ளிரவில் லா மொந்தாஞ் ஏறித்தான் இறங்கவேண்டும்.
கீழே, தட்டையாக, விளக்குகளோடு
அந்தச் சாலை எனக்கில்லாமல் கிடந்தது.
சேன் பாலுக்கு முன்னால் நடுரோட்டில் ஒரு பீரோ நின்றது,
கதவு திறந்து, உள்ளே மடித்த துணிகளோடு.
பிரேக் பிடித்தேன்.
பீரோ இல்லை.
பேருந்து நிழற்குடையில் படுத்து
பத்தொன்பது நிமிடம் தூங்கினேன்.
அலாரத்துக்கு முன்னால் எழுவதும் பயிற்சியில் சேர்த்தி.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம்.
வீட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை.

ஏப்ரலில் இதே இரண்டாம் சுற்றின் முடிவில்
வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
பல் மட்டும் தேய்த்துவிட்டுப் போகலாமென்று நுழைந்தேன்.
பத்து மணிக்குக் கண்விழித்தால்
கூடத்துத் தரையில் கிடக்கிறேன்,
ஹெல்மெட் தலையிலேயே, ஒரு ஷூ காலிலேயே,
தியெரி என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்கிறான்.

ஏன் இந்த வேலை என்று அவன் கேட்டதில்லை.
பதினெட்டு நாள் விரதமிருந்து தணலில் இறங்குகிறவனுக்கு
கேட்க வாயில்லை.
இந்த முறை நானே சொல்லிவைத்தேன்:
விளக்கை அணைத்துவிடு, கேட்டைப் பூட்டு,
கூப்பிட்டாலும் திறக்காதே.

விடியற்காலை நாலரை.
முதலில் பாகு வாசம் வந்தது, பின்பு நாய்,
பின்பு எங்கள் சந்து.
வீடு இருட்டாக இருந்தது.
சொன்னபடியே செய்திருக்கிறான்.
அதற்காக அவன்மேல் வந்த கோபத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பது?
கேட்டை அசைத்தும் பார்த்தேன். பூட்டு.

ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபோதுதான்
சமையலறை ஜன்னலிலிருந்து காப்பி மணத்தது,
இப்போதுதான் இறக்கிய காப்பி.
உள்ளே ஒருவன் இருட்டில்
கோப்பை சத்தம் வராமல் உட்கார்ந்திருக்கிறான்.

கூப்பிடவில்லை.
ஷூவைப் பெடலில் அழுத்தினேன். க்ளிக்.
அது அவனுக்குக் கேட்டிருக்கும்.
டயர்க்கடை நாய் கொஞ்ச தூரம் கூட ஓடிவந்து
சிக்னலோடு நின்றுகொண்டது.
வலப்பக்கம் கடல்.
இன்னும் இருநூற்றுச் சொச்சம்.