கடைசி வண்டி

முதுகில் இரண்டு மொழிகளில் ‘உதவி’ என்று எழுதிய
மஞ்சள் மேல்சட்டையை மாட்டிவிட்டு
என் வேலையைச் சொன்னார்கள்:
எல்லோருக்கும் பின்னால் வா.

முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான்.
ட்ரெகாரன் நிறுத்தத்தில் ஏழு பன்னிரண்டு என்றால்
ஏழு பன்னிரண்டு.
கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப்
பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்,
சின்னதாகி, இன்னும் சின்னதாகி
வளைவில் மறையும்வரை.

இன்று கண்ணாடியில் யாரும் இருக்கக் கூடாது.

சிறுநீரகப் பிரிவுக்கு இன்னோர் இயந்திரம் வாங்க
முந்நூற்றுப் பதினாறு பேர்
மலையிலிருந்து கடலுக்கு நடக்கிறார்கள்,
சுற்றுவழியில் இருபத்தாறு மைல்.
மூன்றாவது நிறுத்தத்தில் நெரிஸ்,
பள்ளிக்கூடச் சமையற்காரி,
வாழைப்பழத்தைப் பாதியாய் வெட்டி
வருகிற எல்லோரையும் ‘கண்ணு’ என்கிறாள்.
ஆடு மாடு பார்க்கிற க்வில்லிம்
குந்தியிருந்து கொப்புளம் குத்துகிறார்.
‘இதுகள் உதைக்காது, ஆனால் பேசும்’ என்கிறார்.

நான் கடைசி ஆளைத் தொடர்கிறேன்.
எண் 208. மோர்வென் பெவன்.
சிவப்பு மழைக்கால்சட்டை. இடது கால் இழுக்கிறது.
அரைமணிக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்று உத்தரவு:
‘வண்டியில் ஏறுகிறீர்களா?’
‘இல்லை.’
‘ஏறுகிறீர்களா?’
‘இல்லை என்றேனே.’
அவள் கடந்ததும் வேலிப்படலில் கட்டிய அம்புக்குறியை அவிழ்த்து
பின்னிருக்கையில் போடுகிறேன்.
எங்களுக்குப் பின்னால்
யாரும் நடந்த தடயமே இல்லாத சாலை, செம்மறிகள், தூறல்.

பழைய புத்தி விடுமா?
நான்கு மணிக்கு மேல் எனக்குள் ஒரு கடிகாரம் அரிக்கத் தொடங்கிற்று.
அவளை முந்திக்கொண்டு போய்
கவடுபட்ட பாதையின் அம்பை
அவள் வருமுன்பே கழற்றிவிட்டேன்.
ஐந்து நிமிடம் மிச்சம், அவ்வளவுதான் நினைத்தது.

கண்ணாடியில் பார்த்தேன். சாலை காலி.
பத்து நிமிடம். காலி.
வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் காலி பயமுறுத்தியது.

தவறான சந்தில் ஒரு மைல் தள்ளி
ஒரு பால்பண்ணை வாசலில் நின்றிருந்தாள்,
நாய் ஒன்று வழி சொல்ல மறுத்துக் குரைத்துக்கொண்டிருந்தது.
‘அம்பைக் கழற்றியது நான்தான்’ என்றேன்.
அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.
‘ஏறுங்கள், கவட்டில் இறக்கிவிடுகிறேன்.’
‘சக்கரத்தில் ஓர் அடி போனாலும்
அது நடந்ததாகுமா?’

வண்டியைப் பண்ணை வாசலிலேயே நிறுத்திப் பூட்டினேன்.
அந்த ஒரு மைலை அவளோடு திரும்ப நடந்தேன்,
ஓட்டுநர் இருக்கைக்குப் பழகிய முழங்கால்களோடு.
அதிகம் பேசவில்லை.
அவள் மார்பிலிருந்த சீட்டில்
‘இவருக்காக நடக்கிறேன்’ என்ற கோட்டுக்கு மேல்
மழை புகுந்து மை கரைந்திருந்தது.
ஒரு நீலக் கறை. நான் கேட்கவில்லை.
கவட்டில் நின்று பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்:
‘இது வேண்டுமானால் வண்டியில் வரட்டும்.’

வண்டிக்காக அந்த மைலை
மறுபடி தனியாக நடந்தேன். அது என் கணக்கு.

கடலோரம் போய்ச் சேர்ந்தபோது
பதாகையைச் சுருட்டிவிட்டிருந்தார்கள்.
பதக்கப் பெட்டியில் ஒன்று குறைந்தது.
தேநீர்க் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்திருந்த நெரிஸ்
ஒன்றும் சொல்லாமல்
யாருடைய பாத்திரத்திலோ மீண்டும் நீர் வைத்தாள்.
வண்டிப் படியில் உட்கார்ந்த மோர்வென்னால் குனிய முடியவில்லை.
ஊறிப்போன கயிற்று முடிச்சை
நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தேன்.

பிறகு பதிவேடு.
எண் 208, இருபத்தெட்டு மைல், இரவு ஒன்பது நாற்பத்தேழு.
பேனா தானாகவே அடுத்த கட்டத்தைத் தேடியது:
பணிமனையில் ஒவ்வொரு தாளிலும் இருக்கும்,
‘தாமதத்துக்குக் காரணம்’.

இந்தத் தாளில் அப்படியொரு கட்டமே இல்லை.