பிற குறிப்புகள்

சொல்லாமல் போகவேண்டிய பரிசோதனைதான்.
ஆனால் பண்ணை வாசலுக்குத் திரும்புமுன்பே
மூக்கில் ஏறியது பிளீச்சிங் நெடி.
கார்மார்தனில் கவுன்சில் வண்டி கிளம்பினால்
யாருடைய கைபேசியோ எனக்கு முன்னால்
இந்த மலையேறிவிடுகிறது.

ஹெத்வின் ப்ரதெரோ ரப்பர் பூட்ஸோடு வந்து
கேட்டைத் திறந்தான்.
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே.
"தேநீர் குடிக்கிறாயா, நெரிஸ்?"
உரிம அதிகாரிகள் குடிக்கக்கூடாது என்றேன்.
அப்படியொரு விதி கிடையாது. அவனுக்கும் தெரியும்.

ஆடுகள் இருந்த கொட்டகை.
உரோமம் விற்ற காசு
கத்தரித்த கூலிக்கே பற்றாத ஒரு வருடத்தில்
தடுப்புகள் எழும்பி நாய்க்கூண்டுகளாயின.
முப்பத்தொரு பெட்டைகள். நாலு கடுவன்கள்.

டேப்பைப் பிடித்தேன். நீளம் சரி, அகலம் சரி.
வெப்பமானி பதினாறு. சரி.
தண்ணீர்க் கிண்ணத்தில் என் முகம் தெரிந்தது.
தீயணைப்பான் சீட்டில் மட்டும் தேதி போனமாதத்தோடு முடிந்திருந்தது.
என் படிவத்துக்கு இந்த மாதிரித் தப்புகள் ரொம்பப் பிடிக்கும்.
சிப் படிக்கும் கருவியை ஒவ்வொரு பிடரியாக வைத்துக்கொண்டு போனேன்:
பதினைந்து இலக்கம், ஒரு பீப்.
ஒருத்தியின் பெயர் கேட்டேன்.
கூண்டு எண்ணைச் சொன்னான்.

பிறகு பதிவேடு.
மூன்று வருடம்: ஈன்ற தேதி, குட்டிகள், பிழைத்தவை,
விற்ற ஊர்,
காலை நடை, மாலை நடை.
ஜனவரிக் காலைக்கும் ஜூலை மாலைக்கும்
ஒரே நீல மை, ஒரே சாய்வு.
ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.
பக்க மூலைகளில் ஒரு விரல் அழுக்கு இல்லை.
ஒரே இரவில் உட்கார்ந்து எழுதிய மூன்று வருடம்.
பாவம், கை கடுத்திருக்கும்.
மையெல்லாம் சான்றாகாது என்பார் எங்கள் வக்கீல்.

"ஓடியாட இடம்?"
கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.
வேலி உறுதி. விதி கேட்டதைப்போல இரண்டு மடங்கு பரப்பு.
புல் என் முழங்காலுக்கு நின்றது,
அதன்மேல் மழைத்துளிகள்
விழுந்தது விழுந்தபடி.

"கதவைத் திற, ஹெத்வின்."
"மழை பெய்கிறதே."
"திற."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பெட்டைகள் சிமெண்டு முடியும் இடம்வரை வந்தன.
ஒருத்தி, கூண்டு பதினேழு, மடி தரையில் உரசுகிறவள்,
முன்னங்காலை நீட்டினாள்.
புல் பட்டதும்
சூடு கண்டவளாய் இழுத்துக்கொண்டாள்.
மற்றவை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று
வெளிச்சத்தை முகர்ந்தன.
ஐந்து நிமிடம். பத்து. இருபத்து மூன்று.
ஒரு குரைப்பு இல்லை.

"ஆடு வைத்திருந்தபோது," என்றான் அவன் வேலியைப் பார்த்து,
"நான் எப்படி இருக்கிறேன் என்று
ஒருத்தரும் வந்து அளக்கவில்லை."

விலங்குகள் வெளியே செல்ல வழி இருத்தல் வேண்டும்
என்பது விதி.
வழி இருக்கிறது. கீலுக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கிறான்.
போயினவா என்று கேட்கும் கட்டம் எங்கும் இல்லை.
படிவத்தின் அடியில் இரண்டே வரி: பிற குறிப்புகள்.
என் பேனா ஈரத்தில் எழுத மறுத்தது.
அவன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

புல் மிதிபடவில்லை.
இருபத்து மூன்று நிமிடம் கதவு திறந்திருந்தது.
எதுவும் வெளியே வரவில்லை.
உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கிறேன்.
இடம் போதாமல் கடைசி வாக்கியம்
ஓரத்தில் செங்குத்தாக ஏறியது.

காரில் ஹீட்டரைப் போட்டுத் தாளை உலர்த்தும்போதுதான்
பார்த்தேன்.
அதே நீல மை. என் கையெழுத்தும் அதில்தான்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்க இறங்கினேன்.
கதவு இன்னும் திறந்திருந்தது.
ஹெத்வின் புல்லுக்குள் குந்தியிருந்தான்,
தொப்பியில்லாமல், கொட்டகை இருட்டைப் பார்த்து
ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு.

வேலிக் கம்பத்தின்மேல் பேனாவை வைத்துவிட்டு வந்தேன்.