இடப்பக்கம்

மடகாஸ்கர் அணியின் ஒன்பதாம் எண் ஜெர்சி
நான்கு வருடம் என்னுடையது.
பெனால்டிக்குக் காத்திருக்கையில் கழுத்துப் பட்டையைக் கடிப்பேன்,
என் பல் தடம்கூட அதில் இருந்தது.
அதைத் துவைத்து மடித்து
மியாங்காலியின் நாற்காலியில் வைத்தவளும் நான்தான்.
அணியின் துணி துவைப்பது என் வேலை. கூலி தனி.

அந்தனானரிவோவில், இகோபா ஆற்றங்கரை மேட்டில்
ஹோட்டல் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும்போது
முதலில் அவளைப் பார்த்தேன்.
நெல் அறுத்து முடிந்த வயல்களில்
செங்கல் அறுக்கும் காலம்.
பெண்கள் வரிசையாக நின்று கல் வீசினார்கள்,
கைக்குக் கை.
ஆறாவதாய் ஒரு ஒல்லிப் பெண்,
வயது பதினைந்துகூட இராது.
இடப்பக்கம் வாங்கி வலப்பக்கம் வீசுவாள்,
பாராமலே.
வாங்கிய கைக்கு வலித்ததாக யாரும் சொல்லவில்லை.

மறு வருடம் கிளப் மைதானத்தில் வந்து நின்றாள், வெறுங்காலோடு.
கிளப்புக்கும் நாட்டுக்கும் ஒரே கோச், ரிவோ.
ஊதிய விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்தான்.
ஸ்க்ரம்மின் கால்களுக்கிடையிலிருந்து
அவள் பந்தை எடுத்துவிடும் வேகத்துக்கு
எங்கள் பத்தாம் எண்
இன்னும் இரண்டடி தள்ளி நிற்கப் பழக வேண்டியிருந்தது.
பதினேழில் மாகாணம். பத்தொன்பதில் நாடு.
அவள் பெயர் ரேடியோவில் வந்த அன்று
சந்தையில் கரி விற்பவள் எனக்கு வாழ்த்துச் சொன்னாள்,
ஆள் மாறிப்போய்.
நானும் நன்றி என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும்.
இடப்பக்கம் வீசும்போது
அவள் வலது தோள் ஒரு விரற்கடை தாழும்,
அரை நொடி முன்னதாக.
செங்கல் வரிசை தந்த பழக்கம்.
ஒரே திசையில் நாள் முழுக்க அவள் திரும்பியதை
ஈர விரிப்பைப் பிழிந்தபடி பார்த்தவள் நான்.
வேறு யாரும் கவனிக்கவில்லை.
நான் சொல்லவில்லை.
பொறாமையா என்று கேட்டால்
இல்லை என்று சொல்ல வாய் வரும்.
வயிறு வராது.

நைரோபி.
விளக்கு வெளிச்சத்தில் புல் அத்தனை பச்சை,
எங்கள் பூட்ஸின் செம்மண்ணை வாசலிலேயே கழுவச் சொன்னார்கள்.
தேசிய கீதத்துக்கு அவள் வாயசைத்தாள், சத்தம் வரவில்லை.
நான் பெஞ்சில், இருபத்தோராம் எண்.
ரஸனமஹேஃபா என்ற அவள் குடும்பப் பெயரை
அறிவிப்பாளர் மூன்று முறை உடைத்துப் பார்த்துவிட்டு
ஒன்பதாம் எண் என்று முடித்துக்கொண்டார்.

எட்டே நிமிடம்.
கென்யாவின் ஏழாம் எண்காரி கண்டுபிடித்துவிட்டாள்.
தோள் தாழ்ந்ததும் பாய்ந்தாள்.
முதல் பாஸைத் தட்டிவிட்டாள்.
அடுத்ததில் பந்தோடு சேர்த்து மியாங்காலியையும் சாய்த்தாள்.
மூன்றாவதைப் பறித்துக்கொண்டு அறுபது மீட்டர் ஓடி
கம்பங்களுக்கு நடுவே வைத்தாள்.
ரிவோ என்னைப் பார்த்தான்,
உடம்பைச் சூடாக்கு என்பதுபோல் விரலைச் சுழற்றினான்.
கோட்டோரம் ஓடினேன்.
என் கால்கள் சந்தோஷப்பட்டன. அதையும் எழுதிவைக்கிறேன்.

இடைவேளையில் தண்ணீர் கொடுக்கப் போனேன்.
அவள் உதடு கிழிந்திருந்தது.
உனக்குத் தெரியும்தானே, என்றாள்.
தெரியும்.
எப்போதிருந்து?
செங்கல் சூளையிலிருந்து.
அடிப்பாள் என்று நினைத்தேன்.
பாட்டிலைத் திருப்பித் தந்து
எந்தத் தோள் என்று மட்டும் கேட்டாள்.
தொட்டுக் காட்டினேன்.
ஜெர்சிக்கடியில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஐம்பத்துநான்காம் நிமிடம். எங்கள் ஸ்க்ரம்,
அவர்கள் கோட்டுக்குப் பத்து மீட்டர்.
வலது தோள் தாழ்ந்தது.
ஏழாம் எண்காரி பாய்ந்தாள், பின்னாலேயே இன்னொருத்தியும்.
மியாங்காலி வீசவில்லை.
அவர்கள் விட்டுவந்த இடத்தில் புகுந்து
பந்தை இரண்டு கையாலும் தரையில் வைத்தாள்,
காயாத கல்லை வைப்பது போல.

தோற்றோம், பதினாறுக்குப் பதினொன்று.
கடைசி ஆறு நிமிடம் எனக்குக் கிடைத்தது.
வெளியே வருகையில் அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை,
கையைக்கூடத் தட்டவில்லை.
ஏழாம் எண் களைத்துவிட்டாள், அவள் பக்கமாகவே போ,
என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன்.
அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.